மேஜை விரிப்பு விலகும் நாள்

ஒரு மலையைப் பார்ப்பதற்காகக் கடல் கடந்து போகிறீர்கள். அந்த ஊரிலே ஐந்து நாள் தங்குகிறீர்கள். மலையும் எங்கேயும் போய்விடவில்லை. ஹோட்டல் ஜன்னலுக்கு எதிரேயேதான் நிற்கிறது. ஆனாலும் அதைக் கண்ணால் பார்க்காமலே ஊர் திரும்புகிறீர்கள்! இப்படியும் நடக்குமா என்று கேட்கிறீர்களா? பேஷாய் நடக்கும். தென் ஆப்பிரிக்காவில் உள்ள கேப் டவுன் நகரத்துக்குப் போனவர்களை விசாரித்துப் பாருங்கள். நாலு பேரில் ஒருவராவது இந்தக் கதையைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்.

அந்த மலையின் பெயர் டேபிள் மவுண்டன். நம் பாஷையில் மேஜை மலை. கூம்பு மாதிரி உச்சி இல்லாமல், யாரோ பெரிய வாளை எடுத்து நேர்கோடாகச் சீவிவிட்டது போல் தட்டையாக இருப்பதால் அந்தப் பெயர். 1503-ஆம் ஆண்டில் அந்தோனியோ டி சல்தானா என்ற போர்த்துக்கீசிய மாலுமி இதன் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, 'முனையின் மேஜை' என்று தம் பாஷையில் பெயர் வைத்தார். அவருக்கு முன்பே அங்கே ஆடு மாடு மேய்த்து வாழ்ந்த கோய்கோய் மக்கள், 'கடலில் எழுந்த மலை' என்று பொருள்படும்படி அதை அழைத்து வந்தார்கள். இரண்டில் எது அழகு என்பதை நீங்களே தீர்மானித்துக் கொள்ளுங்கள்.

உயரம் என்று பார்த்தால் சுமார் 1,085 மீட்டர்தான். நம் ஏற்காடு இதைவிட உயரம். ஆனால் ஏற்காட்டுக்குப் போகும்போது சேலத்துச் சமவெளியிலிருந்து வளைந்து வளைந்து ஏறுகிறோம். மேஜை மலையோ கடலோரத்திலிருந்து ஒரே சுவராக எழும்பி நிற்கிறது. சுவரின் அகலம் சுமார் மூன்று கிலோமீட்டர். அதன் காலடியில்தான் துறைமுகமும், கடைத்தெருவும், பார்லிமெண்டும், வீடுகளும். கீழே மீன் வாங்கிக் கொண்டிருக்கும் பெண்மணி நிமிர்ந்தால் மலை. துணி உலர்த்துகிறவள் திரும்பினால் மலை!

அப்படிப்பட்ட மலையை எப்படித் தவறவிட முடியும்?

பாயசத்தைக் கடைசியில் வைக்காதீர்கள்

விருந்திலே பாயசம் கடைசியில் வருவது நம் வழக்கம். அந்த ஞாபகத்திலோ என்னவோ, பிரயாணத் திட்டம் போடும்போதும், "முதலில் மற்ற இடங்களைப் பார்த்துவிடலாம், மலையைக் கடைசி நாளுக்கு வைத்துக் கொள்ளலாம்" என்று நினைக்கிறோம். இங்கேதான் விபரீதம் ஆரம்பமாகிறது.

கடைசி நாள் காலையில் ஜன்னலைத் திறக்கிறோம். மலையைக் காணோம்! அதன் தலை மேல் வெள்ளை வெளேரென்று ஒரு மேகம் படர்ந்து, விளிம்பிலிருந்து கீழே வழிந்து கொண்டிருக்கிறது. ஊர்க்காரர்கள் அதற்கு 'மேஜை விரிப்பு' என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். பார்க்க வெகு அழகு. ஆனால் விரிப்பு போட்டிருக்கும்போது காற்றும் பலமாக இருக்கும். காற்று பலத்தால் ரோப் கார் ஓடாது. பழனியில் காற்று வேகமாக அடிக்கும்போது ரோப் காரை நிறுத்திவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அன்று மாலையே விமானம் என்றால் என்ன செய்வது? 'மலையடிவாரம் வரை போய் வந்தோம்' என்று சொல்லிக் கொள்ள வேண்டியதுதான்.

ஆகவே, சகோதரிகளே, இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். கேப் டவுனில் மலைக்கென்று ஒரு தேதி குறிக்கக் கூடாது. தங்கும் நாட்களில் எந்த நாள் காலையில் முதன் முதலாக மலை முழுசாகத் தெரிகிறதோ, அந்த நாளே மலைக்கு உரிய நாள். அன்றைக்கு வைத்திருந்த மற்ற வேலையை மறுநாளைக்குத் தள்ளிவிடுங்கள். கடைத்தெரு காத்திருக்கும், மலை காத்திருக்காது.

விரிப்பை விரிப்பது யார்?

அந்த ஊரில் இதற்கு ஒரு கதை உண்டு. வான் ஹங்க்ஸ் என்ற பழைய கடற்கொள்ளைக்காரன் ஓய்வு பெற்று, மலையடிவாரத்தில் குடியிருந்தானாம். ஓயாமல் புகை பிடிப்பான். வீட்டுக்குள் புகைக்கக் கூடாது என்று அவன் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். (எந்த ஊரானால் என்ன? இல்லத்தரசிகள் எல்லோரும் ஒரே மாதிரிதான்!) பாவம், அவன் மலைச் சரிவில் போய் உட்கார்ந்து புகைத்தான். அங்கே ஒரு நாள் சாத்தானே வந்து, "யார் அதிகம் புகைப்பது? பந்தயம்!" என்றான். இரண்டு பேரும் விட்ட புகைதான் மலையை மூடும் மேகம் என்பது கதை. அவர்கள் உட்கார்ந்த சிகரத்துக்கு 'சாத்தான் சிகரம்' என்று பெயர். மேஜை மலையை ஒட்டிக் கிழக்கே நிற்கிறது.

விஞ்ஞானிகள் சொல்லும் காரணமும் கதைக்குக் குறைந்த சுவாரசியம் உடையதல்ல. கோடைக் காலத்தில் தென்கிழக்கிலிருந்து கடல் ஈரத்தை வாரிக் கொண்டு காற்று வருகிறது. வழியில் மலை குறுக்கே நிற்கவே, மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, ஈரம் மேகமாகிறது. மேகம் மறுபக்கத்து விளிம்பைத் தாண்டி நகரத்தை நோக்கி வழிகிறது. வழிந்து இறங்கும்போது மறுபடியும் சூடேறி, பாதியிலேயே மறைந்துவிடுகிறது. அதனால்தான் விரிப்பின் நுனி எப்போதும் சரிவின் நடுவிலேயே நிற்கும், நகரத்தைத் தொடாது. கீழே வெயில் காய்ந்து கொண்டிருக்க, மேலே மேகம் கொட்டிக் கொண்டேயிருக்கும் அதிசயம் இதுதான்.

இந்தத் தென்கிழக்குக் காற்றுக்கு 'கேப் டாக்டர்' என்றும் ஒரு பெயர். ஊரிலுள்ள தூசு தும்பு, நோய் நொடி எல்லாவற்றையும் அடித்துக் கொண்டு போய்விடும் என்ற நம்பிக்கை. டாக்டர் வரும் நாளில் புடைவைத் தலைப்பையும் குழந்தைகளின் தொப்பியையும் சற்றுக் கெட்டியாகப் பிடித்துக் கொள்வது நல்லது!

மலை பெயரில் வானத்தில் ஒரு நட்சத்திர மண்டலமே இருக்கிறது. 1750-களில் கேப் டவுனில் தங்கி நட்சத்திரங்களை எண்ணிய லக்கே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி சூட்டிய பெயர் அது. இன்று 'மென்சா' என்று சொல்கிறார்கள்.

எந்த மாதம் போகலாம்?

அங்கே பருவங்கள் நமக்குத் தலைகீழ். டிசம்பர், ஜனவரி அங்கே கோடை. ஜூன், ஜூலை, ஆகஸ்டு குளிர் காலம், மழையும் அப்போதுதான். கோடையில் இரவு எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பது ஒரு லாபம். ஆனால் அப்போதுதான் டாக்டரும் அடிக்கடி வருவார். உல்லாசப் பிரயாணிகளின் கூட்டமும் அதிகம். குளிர் காலத்தில் மழையும் மூடுபனியும். அந்த மாதங்களில் வருடாந்தரப் பராமரிப்புக்காக ரோப் காரைச் சில நாட்கள் நிறுத்தி வைப்பதும் உண்டு. புறப்படும் முன்பே அந்தத் தேதிகளை விசாரித்துக் கொள்ள வேண்டும்.

நம் பள்ளிக்கூட விடுமுறையான ஏப்ரல், மே மாதங்கள் அங்கே இலையுதிர் காலம். காற்று சற்று ஓய்ந்திருக்கும். பெரிய மழை இன்னும் பிடித்திருக்காது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு, முக்கியமாக ஏப்ரலில், இது நல்ல சமயம். வெளிச்சம் மட்டும் சீக்கிரம் மங்கிவிடும். எந்த மாதமானாலும் மலைக்குக் காலை நேரமே உத்தமம்.

சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை. துபாய், தோஹா, அடிஸ் அபாபா போன்ற ஏதாவது ஓர் ஊரில் இறங்கி மாறிப் போக வேண்டும். விசாவும் வேண்டும். இவ்வளவு தூரம் போகிறவர்கள் இரண்டு நாளில் ஓடி வந்துவிடாமல் நாலைந்து நாளாவது தங்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? அதிகப்படியான அந்த நாட்கள்தான் மேகத்துக்கு நாம் கட்டும் வரி.

வண்டியிலா, நடந்தா?

ரோப் கார் 1929-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி ஓட ஆரம்பித்தது. 1997-இல் வந்த புதிய வண்டிகள் வட்ட வடிவமானவை. ஒரே தடவையில் 65 பேர் ஏறலாம். உள்ளே தரை மெதுவாகச் சுழலும். ஆகையால் ஜன்னல் ஓரத்துக்காக யாரும் யாரையும் இடிக்க வேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே நின்றால் கடல், நகரம், பாறை எல்லாம் முறை வைத்துக் கொண்டு உங்கள் முன் வந்து போகும். ஏறக்குறைய ஐந்து நிமிஷத்தில் 1,067 மீட்டர் உயரத்திலுள்ள மேல் நிலையத்தில் இறங்கிவிடலாம். மாமியார், பாட்டி, கைக்குழந்தை எல்லோருக்கும் ஏற்ற வழி இதுவே.

டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கலாம். ஆனால் காற்றினால் ஒரு நாள் ஓடாவிட்டால் வேறு நாளில் அது செல்லுமா என்று பார்த்து வாங்குங்கள். வண்டி ஓடுகிறதா இல்லையா என்பதை ரோப் கார் நிலையத்தாரின் இணைய தளத்திலேயே அறிவிக்கிறார்கள். ஹோட்டலை விட்டுக் கிளம்பும் முன் அதைப் பார்ப்பது, வீட்டைப் பூட்டும் முன் அடுப்பைப் பார்ப்பது போன்ற பழக்கமாகிவிட வேண்டும்.

நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு 'பிளாட்டக்ளிப்' பள்ளத்தாக்கு வழி இருக்கிறது. மலைச் சுவரில் வெடித்த பிளவு மாதிரி நேராக மேலே போகும். படிபடியாகக் கற்கள். ஏற இரண்டு மணியிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். நிழல் குறைவு. 1797-இல் லேடி ஆன் பார்னார்ட் என்ற ஆங்கிலேய அதிகாரியின் மனைவி இந்த மலையில் ஏறினார். அந்தக் காலத்துப் பாவாடையோடு பாறையில் ஏறுவதாவது! அவர் யோசித்தார், கணவரின் கால்சட்டையை எடுத்து மாட்டிக் கொண்டார், உச்சியை அடைந்துவிட்டார். இருநூறு வருஷங்களுக்கு முன்பே அவ்வளவு துணிச்சல்! ஆகவே மலைக்குப் போகும் நாளில் புடைவையா, சல்வாரா என்று நம் பெண்கள் நெடுநேரம் யோசிக்க வேண்டாம். கால் தடுக்காத உடை, பிடிமானமுள்ள ஷூ, ஒரு ஸ்வெட்டர். செருப்போடு மட்டும் ஏறாதீர்கள்.

சிரிக்கும் மலை, கொல்லும் மலை

இப்போது கொஞ்சம் கண்டிப்பான விஷயம். ஊருக்கு நடுவே, கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதாலேயே இந்த மலையைப் பலர் பூங்கா என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த அலட்சியம் உயிரை வாங்கியிருக்கிறது. வெயிலடிக்கும்போது சட்டையோடு ஏறுகிறார்கள். அரை மணியில் மேகம் இறங்குகிறது. பத்தடிக்கு முன்னால் இருப்பது தெரிவதில்லை. குளிர் எலும்பைத் துளைக்கிறது. 'இந்தப் பிளவு வழியாக இறங்கினால் சீக்கிரம் ஊர் வந்துவிடும் போலிருக்கிறதே' என்று தெரியாத பள்ளத்தில் இறங்குகிறார்கள். மேலிருந்து பார்த்தால் வழி. பாதி தூரத்தில் செங்குத்துப் பாறை. மீட்புக் குழுவினர் ஹெலிகாப்டரோடு புறப்பட வேண்டிய சந்தர்ப்பங்களில் பல இப்படி நேர்ந்தவையே.

அதனால் குடும்பத் தலைவி சில சட்டங்கள் போட்டுவிட வேண்டும். போட்டபின் யார் கெஞ்சினாலும் தளர்த்தக் கூடாது. தனியாக யாரும் நடக்கக் கூடாது. ஏறினவர்கள் தெரிந்த பாதையிலேயே இறங்க வேண்டும், அல்லது ரோப் காரில் இறங்க வேண்டும். தண்ணீரும் கம்பளியும் ஒவ்வொருவர் பையிலும் இருக்க வேண்டும். பாதி வழியில் மேகம் கூடினால், உச்சி எவ்வளவு கிட்டத்தில் இருந்தாலும், திரும்பிவிட வேண்டும். மேலே இருக்கும்போது நிலையத்தில் சங்கு ஊதினால், காற்று மாறுகிறது, வண்டி நிற்கப் போகிறது என்று அர்த்தம். 'இன்னும் ஒரே ஒரு போட்டோ' என்று நிற்காமல் உடனே நிலையத்துக்கு நடையைக் கட்ட வேண்டும். நகைகளை ஹோட்டலில் வைத்துவிட்டு, பலர் நடமாடும் பாதையிலேயே போவதும் அவசியம். வழிப்பறி நடந்த பாதைகளும் அங்கே உண்டு.

நெருப்பு விஷயத்திலும் ஜாக்கிரதை. 2021 ஏப்ரலில் இந்த மலைச் சரிவில் பிடித்த தீ, கேப் டவுன் பல்கலைக் கழகத்தின் பழம்பெரும் நூலக மண்டபத்தையே எரித்துவிட்டது.

மேஜையின் மேலே

மேலே போய்ச் சேர்ந்தால் என்ன இருக்கிறது? முதலில், தரை. ஆம், மலை உச்சியில் சமதரை! நடக்கப் பாதை போட்டிருக்கிறார்கள். பாட்டிமார்கள் பக்கத்திலேயே சின்னச் சுற்றுச் சுற்றிவிட்டு உட்காரலாம். சிற்றுண்டிச் சாலையும் உண்டு. மற்றவர்கள் ஒரு மணி நேரம் நடந்தால் மிக உயர்ந்த இடமான மக்ளியர் கல் குவியலை அடையலாம்.

பாறை இடுக்கிலிருந்து முயல் அளவில், வால் இல்லாத ஒரு பிராணி எட்டிப் பார்க்கும். அதற்கு 'டாஸி' என்று பெயர். பார்த்தால் பெருச்சாளிக்கு உறவு என்று சொல்லுவோம். உண்மையில் பிராணி நூல்படி அதன் நெருங்கிய உறவினர் யார் தெரியுமா? யானை! குழந்தைகளிடம் சொல்லுங்கள், நம்ப மாட்டார்கள். தின்பண்டம் மட்டும் கொடுக்க விடாதீர்கள்.

கேப் முனையில் 2,000-க்கும் மேற்பட்ட செடி வகைகள் இருக்கின்றன. அவற்றில் பல உலகில் வேறெங்கும் கிடையாது. 2004-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் இந்தப் பகுதித் தாவரங்களை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றுக் கொண்டது. தட்டு அகலத்துக்கு மலரும் 'புரோட்டியா' தென் ஆப்பிரிக்காவின் தேசியப் பூ. பார்க்கலாம், பறிக்கக் கூடாது. தலையில் வைத்துக் கொள்ளும் ஆசையை ஊருக்கு வந்து மல்லிகையில் தீர்த்துக் கொள்வோம்.

விளிம்பில் நின்று பார்த்தால் இடப் பக்கம் சிங்கத் தலைச் சிகரம், வலப் பக்கம் சாத்தான் சிகரம், நடுவே நகரம், அப்பால் நீலக் கடல். அந்த நீலத்தில் தட்டையாக ஒரு சிறு தீவு. அதைச் சற்று நின்று பாருங்கள்.

கீழேயிருந்தும் பாருங்கள்

அந்தத் தீவுதான் ராபன் தீவு. நெல்சன் மண்டேலா தம் 27 வருஷச் சிறைவாசத்தில் 18 வருஷங்களை, 1964 முதல் 1982 வரை, கழித்த இடம். அகமத் கத்ராடா, பில்லி நாயர் போன்ற இந்திய வம்சாவளியினரும் அங்கே சிறை இருந்தார்கள். அங்கிருந்தும் மேஜை மலை தெரியும். சிறையில் இருந்தவர்களுக்கு அந்த மலை நம்பிக்கைச் சுடராக இருந்தது என்று மண்டேலா 1998-இல் நினைவு கூர்ந்தார். துறைமுகத்திலிருந்து படகில் தீவுக்குப் போகலாம். இந்த டிக்கெட்டை மட்டும் தேதி குறித்து முன்னதாகவே வாங்கிவிடுங்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

மலையடிவாரத்தில் 'டிஸ்ட்ரிக்ட் ஸிக்ஸ்' என்று ஒரு பேட்டை இருந்தது. பல இனத்து மக்கள் நெருக்கியடித்துக் கொண்டு வாழ்ந்த இடம். 1966-இல் அரசாங்கம் அதை வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்தது. அதன்பின் 60,000-க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றி, தூரத்து மணல்வெளிக்கு அனுப்பி, வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். 1994-இல் பழைய மாதா கோயில் கட்டடம் ஒன்றில் அந்தப் பேட்டைக்கு ஓர் அருங்காட்சியகம் ஏற்பட்டது. தரையிலே பழைய தெருக்களின் படம் விரித்திருக்கிறது. அங்கே குடியிருந்தவர்கள் வந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் தங்கள் பெயரை எழுதியிருக்கிறார்கள். வீடு என்றால் என்ன என்பதை அறிந்த எந்தப் பெண்ணும் அந்தத் தரையைச் சும்மா மிதித்து நடந்துவிட முடியாது.

இன்னும் ஒன்று. பிளாட்டக்ளிப் வழியாக ஓடி வரும் ஓடையில்தான் ஒரு காலத்தில் நகரத்தின் அழுக்குத் துணியெல்லாம் வெளுக்கப்பட்டது. மூட்டையைச் சுமந்து ஏறி, கல்லில் அடித்துத் துவைத்து, உலர்த்தி, மீண்டும் சுமந்து இறங்கியவர்கள் அடிமைப் பெண்கள். டச்சுக்காரர்கள் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் கேப் டவுனுக்கு அடிமைகளைக் கொண்டு வந்த ஊர்களில் வங்காளமும் மலையாளக் கரையும் நம் சோழமண்டலக் கரையும் உண்டு. ஆம், நாகப்பட்டினமும் பழவேற்காடும் இருக்கிற அதே கரைதான். அடிமைத்தனம் 1834-இல் சட்டப்படி ஒழிந்தது. ஓடை இன்னும் ஓடுகிறது. அந்த வழியாக ஏறுகிறவர்கள் மூச்சு வாங்க நிற்கும்போது, மூட்டையோடு ஏறிய அந்தப் பெண்களை ஒரு நிமிஷம் நினைத்துக் கொள்ளலாம்.

ஆக, உங்கள் திட்டம் இவ்வளவுதான். தீவுக்கு ஒரு தேதி. அருங்காட்சியகத்துக்கும் கடைத்தெருவுக்கும் மேகம் மூடிய ஏதாவது ஒரு நாள். மலைக்குத் தேதியே இல்லை. தினமும் காலையில் எழுந்ததும் காப்பிக்கு முன்னால் ஜன்னலைத் திறந்து பாருங்கள். விரிப்பு விலகி மேஜை தெரிந்தால், காப்பியைக் கூட அப்புறம் பார்த்துக் கொள்ளலாம். கம்பளியை எடுத்துக் கொண்டு புறப்படுங்கள்!